வீட்டுத் தொட்டியில் கல் பவளம் வளர்த்துப் பெருக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மீனில் தொடங்கி, மென்பவளத்துக்குப் போய், பிறகு கல் பவளத்தில் வந்து நிற்பார்கள். அது கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் எழும்: எப்போது வெட்டலாம், எங்கே வெட்டலாம், வெட்டியது பிழைக்குமா? அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டுவது இதில் சின்ன வேலை. தண்ணீரை மாதக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

கல் பவளம் என்றால் எது?

தனக்கென்று கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்ளும் பவளம். அந்தக் கூடு அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட் படிகத்தால் ஆனது. கூட்டின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்திருப்பதுதான் உயிருள்ள பகுதி. அந்தத் தோலில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வாய்களும் அவற்றைச் சுற்றிய உணர்கொம்புகளும் சேர்ந்ததற்குப் பாலிப் என்று பெயர். திசுவுக்குள் ஜூசாந்தெல்லா என்ற நுண்பாசி வாழ்கிறது. அது வெளிச்சத்தில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குத்தான் போகிறது.

தொட்டி வளர்ப்பவர்கள் இவற்றை எஸ்.பி.எஸ்., எல்.பி.எஸ். என்று பிரிப்பார்கள். முதலாவது சிறிய பாலிப் கொண்டவை: அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா, ஸ்டைலோபோரா. இரண்டாவது பெரிய, சதைப்பற்றுள்ள பாலிப் கொண்டவை: டார்ச், ஹாம்மர், டங்கன், அகான், மூளைப் பவளங்கள். இது அறிவியல் வகைப்பாடு இல்லை. ஆனால் வெளிச்சம், நீரோட்டம், வெட்டும் முறை எல்லாமே இந்தப் பிரிவை ஒட்டித்தான் மாறும் என்பதால் மிகவும் பயன்படும்.

வீட்டில் பெருக்குவது என்றால் முட்டையிட வைப்பதா?

பெரும்பாலும் இல்லை. வீட்டுத் தொட்டிகளில் நடப்பது வெட்டிப் பெருக்குவதுதான். தாய்ப் பவளத்தில் இருந்து ஒரு துண்டை எடுத்து, சின்ன அடிக்கட்டையில் ஒட்டி, தனிப் பவளமாக வளர்க்கிறோம். அந்தத் துண்டை எல்லோரும் ஃப்ராக் என்றுதான் சொல்கிறார்கள். கடலிலும் இது நடக்கிறது. புயலில் முறிந்து விழும் அக்ரோபோரா கிளை, விழுந்த இடத்தில் ஆடாமல் கிடந்தால் அங்கேயே பற்றி வளரும்.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. இப்படிப் பெருக்கும் துண்டுகள் அத்தனையும் மரபணுவில் தாயின் நகல்கள். ஒரே தாயில் இருந்து வந்த பத்துத் துண்டுகளை வைத்திருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரே உயிர்தான். பின்னால் முட்டையிடுதல் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிறது.

என் தொட்டி தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டியின் வயதைக் கேட்காதீர்கள், பவளம் வளர்கிறதா என்று பாருங்கள். அக்ரோபோரா என்றால் கிளை நுனி வெளுத்து, புதிதாக இருக்கும். மான்டிபோராவின் தட்டு விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். டார்ச், ஹாம்மரில் ஒரு தலை நீள்வட்டமாகி, வாய் இரண்டாகப் பிரியத் தொடங்கும். அப்புறம் இதெல்லாவற்றுக்கும் மேலான அடையாளம் ஒன்று உண்டு: தண்ணீரில் ஆல்கலினிட்டி, அதாவது கரைந்திருக்கும் கார்பனேட் உப்புகளின் அளவு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கூடு கட்டும் பவளம் அதை இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். எதுவுமே குறையாத தொட்டியில் எதுவும் வளரவில்லை. வளராத பவளத்தை வெட்டாதீர்கள். காயத்தை ஆற்றிக்கொள்ளும் தெம்பு அதற்கு இருக்காது.

எண்கள் வேண்டும் என்றால் இவை: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை. ஆல்கலினிட்டி 7.5 முதல் 9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பி.பி.எம். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரையும் இருக்கலாம். இவை இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால்தான் தொட்டி சுத்தம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு. உள்ளே இருக்கும் பாசிக்கு இவை உணவு. முற்றிலும் இல்லாமல் போனால் பவளம் நிறம் வெளுத்து, மெலிந்து, நுனி கருகிப்போகும்.

இந்த எண்களில் எதைப் பிடித்தாலும் அதை அப்படியே வைத்திருங்கள். ஆல்கலினிட்டி 7.5-இல் மாதக்கணக்காக நிற்கும் தொட்டி, இன்று 8, நாளை 10, மறுநாள் 8.5 என்று ஆடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். அக்ரோபோராவைக் கொல்வது குறைந்த எண்ணைக் காட்டிலும் திடீரென்று மாறும் எண்தான்.

ஆல்கலினிட்டியை அசையாமல் வைப்பது எப்படி?

முதலில் அளக்க வேண்டும். இன்று மாலை ஒரு நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். எதையும் சேர்க்காமல் மூன்று நாள் கழித்து அதே நேரத்தில், அதே டெஸ்ட் கிட்டால் மறுபடி அளங்கள். குறைந்ததை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். அந்தச் செலவை மட்டும் தினமும் ஈடுகட்டினால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் தண்ணீர், ஒரு நாளைக்கு 0.5 டி.கே.எச். குறைகிறது. ஒரு லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற சுமார் 30 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட் தேவை. அப்படியானால் நாளொன்றுக்கு 3 கிராம். பவளம் கூடு கட்டும்போது 2.8 டி.கே.எச். ஆல்கலினிட்டிக்கு 20 பி.பி.எம். கால்சியம் என்ற விகிதத்தில்தான் இரண்டையும் எடுக்கிறது. அதனால் கால்சியமும் சுமார் 3.6 பி.பி.எம். குறைந்திருக்கும். அதை ஈடுகட்ட 2.6 கிராம் டைஹைட்ரேட் வகைக் கால்சியம் குளோரைடு வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, தொட்டியில் வெவ்வேறு நேரத்தில் ஊற்ற வேண்டும். ஒன்றாகக் கலந்தால் அப்போதே வெள்ளையாகத் திரிந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும், இரண்டுமே வீண்.

பவளம் குறைவாக இருக்கும் வரை வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே போதும். பெருகிய பிறகு மேலே சொன்ன இருகரைசல் முறை, சுண்ணாம்பு நீர், கால்சியம் ரியாக்டர் (சுண்ணாம்புத் துகளைக் கரைத்துத் தொட்டிக்குத் தரும் கருவி) என்று மூன்று வழிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு நீர் மலிவானது, நல்லதும்கூட. ஆனால் நிறைகரைசலின் பி.எச். 12.4 வரை இருக்கும். இரவில், சொட்டுச் சொட்டாக மட்டும் விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டியே போய்விடும். என்னைக் கேட்டால் தொடக்கத்துக்கு இருகரைசல் முறையும், நாள் முழுக்கப் பிரித்து ஊற்றும் ஒரு சின்ன டோசிங் பம்பும் போதும்.

வெளிச்சம் எவ்வளவு?

பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவை பி.ஏ.ஆர். என்பார்கள். எஸ்.பி.எஸ். பவளங்களுக்கு அது 200 முதல் 350 வரை, எல்.பி.எஸ். பவளங்களுக்கு 50 முதல் 150 வரை. புதிதாக வெட்டிய துண்டுகளுக்கு முதல் சில நாட்கள் இதில் கீழ் அளவு நல்லது. நிறம் வர வேண்டும் என்று ஒரே நாளில் விளக்கைக் கூட்டாதீர்கள்.

எந்தப் பவளத்தில் தொடங்கலாம்?

மான்டிபோரா டிஜிட்டேட்டா. விரல் விரலாக வளரும், கையாலேயே முறிக்கலாம், சீக்கிரம் பற்றிக்கொள்ளும். எல்.பி.எஸ். பக்கம் வந்தால் கேண்டி கேன் என்று சொல்லப்படும் காலாஸ்ட்ரியா, அப்புறம் டங்கன். இந்த மூன்றும் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டைலோபோரா, பறவைக்கூடு என்று அழைக்கப்படும் செரியாடோபோரா, போசிலோபோரா ஆகியவை அடுத்த படி. அக்ரோபோராவைக் கடைசிக்கு வையுங்கள். பார்க்க அழகு என்பதற்காக முதலில் வாங்கி, இழந்து, தொட்டியையே மூடிவிட்டவர்கள் நிறைய. அதற்கு அவசியமே இல்லை.

கிளைப் பவளத்தை எப்படி வெட்டுவது?

தேவையானவை: கூர்மையான எலும்பு வெட்டி, பசைபோல் கெட்டியான சயனோஅக்ரிலேட் ஜெல், சுண்ணாம்பு அல்லது பீங்கான் அடிக்கட்டைகள், இரண்டு சின்ன வாளியில் அதே தொட்டியின் தண்ணீர், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வெட்டுவதற்கு முந்தைய வாரம் எந்த அளவையும் மாற்றாதீர்கள், புது விளக்கு மாட்டாதீர்கள்.

முனையில் இருந்து 2, 3 சென்டிமீட்டர் கீழே, கிளை பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மெதுவாக நசுக்கினால் கூடு நொறுங்கி, தோல் கிழியும். சரியாக வெட்டினால் ஒரு சின்ன ‘டக்’ ஓசையோடு துண்டு கையில் வரும். வெட்டுமுகம் சுண்ணாம்பு வெள்ளையாக, சல்லடைபோல் துளைகளோடு தெரியும். சுற்றிலும் பழுப்பிலோ பச்சையிலோ ஒரு நூல் தடிமனுக்குத் தோல். உடனே பவளம் வழவழவென்று சளி விடத் தொடங்கும். பயப்பட வேண்டாம், அது அதன் தற்காப்பு. முதல் வாளியில் துண்டை மெதுவாக ஆட்டிச் சளியைக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் திருப்பி ஊற்ற வேண்டாம்.

வெட்டுமுகத்தை ஒரு துணியால் ஒற்றி, ஜெல்லைத் தாராளமாகத் தடவி, அடிக்கட்டையில் பதித்து, அப்படியே இரண்டாவது வாளித் தண்ணீருக்குள் கொண்டுபோங்கள். தண்ணீர் பட்டதும் ஜெல்லின் மேற்பரப்பு தோல் கட்டிவிடும். இதெல்லாம் ஒரு துண்டுக்கு ஒன்றிரண்டு நிமிட வேலைதான்.

அக்ரோபோராவில் இன்னொன்றும் கவனியுங்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தலைமைப் பாலிப் இருக்கும். கிளையை நீட்டுவது அதுதான். நுனியை வெட்டி எடுத்தால் தாய்ப் பவளத்தில் பக்கவாட்டுப் பாலிப்களில் சில தலைமை ஏற்கும். ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளைகள் வரும். அளவாக வெட்டப்படும் தாய்ப் பவளம் அடர்த்தியாகிக்கொண்டே போவது இதனால்தான்.

டார்ச், ஹாம்மர், ஃப்ராக்ஸ்பான் போன்றவற்றை வெட்டலாமா?

கிளைவிடும் வகை என்றால் தாராளமாக. ஒவ்வொரு தலையும் தனித்தனிக் கூட்டுக் கிளையின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே தோல் இல்லாத வெறும் கூடுதான். தலை முழுக்கச் சுருங்கும் வரை காத்திருந்து, தோல் முடியும் இடத்துக்குக் குறைந்தது 2 சென்டிமீட்டர் கீழே வெட்டினால் பவளத்துக்குக் காயமே ஏற்படாது. எலும்பு வெட்டியைவிடச் சின்ன வைர ரம்பம் நல்லது. வெட்டியின் அழுத்தத்தில் கூடு நெடுக்காகப் பிளந்து, பிளவு தலை வரைக்கும் ஏறிவிடலாம்.

சுவர்போல் வளைந்து வளைந்து ஓடும் வகையில் தோல் தொடர்ச்சியாக இருக்கும். அதை ரம்பத்தால் அறுத்தால் சதையையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும். காயத்தில் பழுப்பு நிறக் கூழ்போல ஒரு நோய் வந்து இரண்டே நாளில் முழுப் பவளத்தையும் தின்றுவிடும். சுவர் வகையை வெட்டாமல் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பழுப்புக் கூழைக் கண்டால் பவளத்தை உடனே வெளியே எடுத்து, கூழை உறிஞ்சி அகற்றி, அயோடின் கரைசலில் முக்கி, தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நோய் பிடித்த தலையைக் கூட்டோடு வெட்டி எறிந்தால் மற்றத் தலைகள் தப்பலாம்.

பாறைபோல் படரும் அகான், ஃபேவியா வகைகளை?

இவற்றுக்கு ஈர வைர ரம்பம்தான் சரி. வாய்களுக்கு நடுவே அறுங்கள், வாயின் மேல் அறுக்காதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு முழு வாயாவது இருக்க வேண்டும், இரண்டு மூன்று இருந்தால் இன்னும் நல்லது. டிராக்கிஃபில்லியா போல ஒரே ஒரு பெரிய பாலிப்பாக வாழும் பவளத்தை அறுக்கவே வேண்டாம்.

மிகச் சிறிய துண்டுகளாக வெட்டினால் வேகமாக வளரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. ஃபுளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தில் பணியாற்றிய டேவிட் வான், எல்க்ஹார்ன் பவளத்தின் உடைந்த சிறு துணுக்குகள் எதிர்பாராத வேகத்தில் படர்வதைக் கவனித்தார். அதில் இருந்து நுண்துண்டு முறை பிறந்தது. ஒரு சென்டிமீட்டர் அளவுத் துணுக்குகளை அருகருகே பதித்தால், ஒவ்வொன்றும் காயம் ஆற்றும் வேகத்தில் வெளியே படர்கிறது. ஒரே தாயின் துணுக்குகள் என்பதால் சந்திக்கும் இடத்தில் சண்டை போடாமல் ஒன்றாக இணைந்துவிடும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் பாறைப் பவளத்தைக்கூட இந்த வழியில் சில மாதங்களில் ஒரு பரப்பு முழுக்கப் படர வைக்கலாம். ஆனால் இது நிலையான தண்ணீர் வைத்திருப்பவர்களுக்கான வேலை. ஆல்கலினிட்டி ஆடும் தொட்டியில் முதலில் சாவது மிகச் சிறிய துண்டுகள்தான். வழக்கமான வளர்ப்புக்குக் கிளை வகையில் 2, 3 சென்டிமீட்டர் துண்டே போதும்.

கையுறை, கண்ணாடி எல்லாம் உண்மையில் தேவையா?

தேவை. தெறிக்கும் கூட்டுச் சில் கண்ணில் பட்டால் ஆபத்து, ரம்பத்தின் ஈரத்தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. பெரிய ஆபத்து கல் பவளத்தில் இல்லை, அதே பாறையில் ஒட்டி வளரும் பாலிதோவா, ஜோவாந்தஸ் போன்ற பொத்தான் பாலிப்களில் இருக்கிறது. இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருக்கும் பாறையை அறுப்பது, சுரண்டுவது, சூடான நீர் ஊற்றுவது, கொதிக்க வைப்பது எதுவும் கூடாது. ஆவி வழியாக நஞ்சு மூச்சில் ஏறி, குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

வெட்டிய துண்டை எங்கே வைப்பது, எத்தனை நாளில் பற்றும்?

நீரோட்டம் நன்றாக வந்து போகும், வெளிச்சம் சற்று மிதமான இடத்தில் வையுங்கள். நீரோட்டம் ஒரே பக்கத்தில் இருந்து அறையக் கூடாது, மாறி மாறி வர வேண்டும். மணல்மேல் வைத்தால் மணல் ஏறிக் காயம் அழுகும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் பாலிப் வெளியே வராது. அப்புறம் மெல்ல வரும். ஒரு வாரம், பத்து நாளில் வெட்டுமுகத்தின் ஓரத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். தோலின் விளிம்பு கண்ணாடிபோல் மெல்லிசாக, நிறமே இல்லாமல் பசையின் மேல் இறங்கியிருக்கும். அடுத்தடுத்த நாட்களில் பாசி அதற்குள் நகர்ந்து நிறம் பிடிக்கும். பிறகு ஊசிமுனை அளவில் ஒரு புதுப் பாலிப் அங்கே திறக்கும். அந்தத் துண்டு பிழைத்துவிட்டது என்று அப்போது நம்பலாம். மான்டிபோராவில் இது இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும். அக்ரோபோராவுக்கு ஒரு மாதம் ஆகலாம். அடிக்கட்டையை முழுக்க மூடிய பிறகுதான் மேல்நோக்கிய வளர்ச்சி வேகமெடுக்கும். அதனால் முதல் இரண்டு மாதம் துண்டு வளரவே இல்லை என்று நினைத்து இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

துண்டு வெள்ளையாகிக்கொண்டிருக்கிறது. செத்துவிட்டதா?

எப்படிப்பட்ட வெள்ளை என்று பாருங்கள். கூடு வெள்ளையாகத் தெரிந்தாலும் அதன் மேல் கண்ணாடி போன்ற தோலும் பாலிப்பும் இருந்தால், பவளம் தன் பாசியை வெளியேற்றியிருக்கிறது, உயிர் இருக்கிறது. அதிக வெப்பம், அதிக வெளிச்சம், உணவே இல்லாத தண்ணீர் ஆகியவை காரணமாக இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்து, வெளிச்சத்தைக் குறைத்து, கொஞ்சம் உணவு கொடுத்தால் சில வாரங்களில் நிறம் திரும்பும்.

தோலே உரிந்து வெறும் கூடு தெரிந்தால் அது வேறு. அடியில் இருந்து மெதுவாக மேலேறினால் தண்ணீர் நிலைமையையும் பூச்சியையும் தேடுங்கள். சில மணி நேரத்தில் தோல் உரிந்து நீரோட்டத்தில் ஆடும் நூலாகத் தொங்கினால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நன்றாக இருக்கும் நுனிகளை, உரிந்த எல்லையில் இருந்து தள்ளி வெட்டி, புது அடிக்கட்டையில் ஒட்டிவிடுங்கள். தாய் போனாலும் வம்சம் மிஞ்சும்.

புதிதாக வாங்கும் துண்டில் பூச்சி வருமா?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, மான்டிபோராவைத் தின்னும் சின்ன வெள்ளைக் கடல் நத்தை, சிவப்புப் பூச்சி ஆகிய மூன்றும் அடிக்கடி வருபவை. தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது கடித்த இடத்தில் வெளிர் வட்டப் புள்ளிகள் மட்டும் தெரியும்.

மருந்து கரைத்த நீரில் முக்கி எடுத்தால் புழு உதிரும். முட்டை சாகாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முட்டைகள் துண்டின் அடியில், தோல் இல்லாத கூட்டின் மேல் ஒட்டியிருக்கும். அதனால் வந்த அடிக்கட்டையை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு, புதியதில் ஒட்டுங்கள். தனித் தொட்டியில் வைத்து வாரம் ஒருமுறை முக்கி, புதுப் புழு எதுவும் உதிராத வாரங்கள் தொடர்ந்து வரும் வரை காத்திருங்கள். இரண்டு மாதமானாலும் பரவாயில்லை. பிரதானத் தொட்டிக்குள் புகுந்த பிறகு அதை விரட்டுவது மிகக் கடினம்.

உணவு தனியாகக் கொடுக்க வேண்டுமா?

எஸ்.பி.எஸ். பவளத்துக்கு நல்ல வெளிச்சமும், நன்றாகச் சாப்பிடும் மீன்களும் இருந்தால் பெரும்பாலும் போதும். மீனின் கழிவே அதற்கு உரம். எல்.பி.எஸ். வகைகளுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை மைசிஸ் இறால் போன்ற சின்ன இறைச்சித் துணுக்கு கொடுத்தால் புதுத் தலைகள் சீக்கிரம் வரும். சூரியப் பவளம் என்னும் டுபாஸ்ட்ரியாவுக்குள் பாசியே கிடையாது. ஒவ்வொரு பாலிப்புக்கும் ஊட்ட வேண்டும். நேரம் இல்லாதவர்கள் அதை வாங்காதீர்கள், பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

கண்ணாடியில் தானாகவே ஒரு குட்டிப் பவளம் முளைத்திருக்கிறதே, எப்படி?

பெரும்பாலும் அது போசிலோபோராவாக இருக்கும். இந்த இனம் உடலுக்குள்ளேயே நீந்தும் குட்டி லார்வாவை வளர்த்து வெளியே விடும். தாயின் பாசியும் கூடவே வருவதால் குட்டிக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. தண்ணீர் வழிந்து போகும் ஓவர்ஃப்ளோ பெட்டி, பம்பின் தலை, கண்ணாடி மூலை என்று எதிர்பாராத இடங்களில் மிளகு அளவில் ஒட்டி வளரும். சூரியப் பவளமும் நன்றாக ஊட்டினால் இப்படியே லார்வா விடும், ஆரஞ்சுப் பொட்டுகளாகச் சுற்றுப்புறப் பாறையில் வந்து அமரும்.

தண்ணீர் மோசமானால் வேறொன்றும் நடக்கலாம். பாலிப்கள் கூட்டைக் கைவிட்டுத் தனித்தனியாகக் கழன்று மிதந்து போகும். போசிலோபோராவும், டார்ச், ஹாம்மர் போன்ற யூஃபிலியா வகைகளும் இதைச் செய்யும். மிதப்பவற்றைப் பிடித்து, நீரோட்டம் குறைந்த வலைப் பெட்டியில் வைத்தால் சில மறுபடி ஒட்டிக் கூடு கட்டும்.

இன்னொரு செய்தி: தட்டுப் பவளம் என்னும் ஃபங்கியா செத்துவிட்டது என்று கூட்டை எறிந்துவிடாதீர்கள். எங்கோ மிஞ்சிய துளித் திசுவில் இருந்து, மாதங்கள் கழித்துச் சின்னச் சின்னக் குடைகளாகக் குட்டிகள் முளைப்பது உண்டு.

அக்ரோபோராவை வீட்டில் முட்டையிட வைக்க முடியுமா?

முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கடலில் அக்ரோபோரா ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவு கழிந்த சில இரவுகளில், சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் முட்டையிடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் பல இனங்கள் ஒரே இரவில் சேர்ந்து முட்டையிடுவதை 1980-களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு பாலிப்பும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். முட்டையும் விந்தும் சேர்ந்த ஒரு சின்ன இளஞ்சிவப்பு உருண்டையை வாயில் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு விடுவிக்கும். அது மேலே மிதந்து போய் உடையும்.

முட்டை முதிரவே பல மாதம் ஆகும். அந்த மாதங்கள் முழுக்கப் பவளம் நான்கு விஷயங்களைப் பின்தொடர்கிறது: பருவத்துக்கேற்ற நீர் வெப்பம், பகலின் நீளம், நிலவின் வளர்பிறை தேய்பிறை, சூரியன் மறையும் நேரம். ஆண்டு முழுக்க 26 டிகிரியில் நிற்கும் நம் தொட்டியில் அதற்குக் காலம் தெரிய வழியே இல்லை. லண்டனில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் குழுவினர் இந்த நான்கையும் கணினி கட்டுப்பாட்டில் நடத்தி, கடலோடு தொடர்பே இல்லாத மூடிய தொட்டிகளில் நான்கு அக்ரோபோரா இனங்களை முட்டையிட வைத்து, 2017-இல் அந்த முறையை முழுமையாக வெளியிட்டார்கள். 2019-இல் ஃபுளோரிடா அக்வேரியம் அட்லாண்டிக்கின் தூண் பவளத்தை ஆய்வகத்தில் முட்டையிட வைத்தது. இன்று துணிந்து இறங்கும் வீட்டு வளர்ப்பாளர்களுக்கு இந்த வழிமுறைதான் அடிப்படை.

முட்டையிட்ட பிறகும் வேலை பாக்கி. அக்ரோபோராவின் முட்டை அதே பவளத்தின் விந்தை ஏற்பது அரிது. மரபணுவில் வேறான இரண்டு பவளங்கள் ஒரே இரவில் விட வேண்டும். ஒரே தாயின் இரண்டு துண்டுகள் ஜோடி ஆகாது. கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் நீந்தும் லார்வாவாகும். இன்னும் சில நாள் கழித்து, இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த ஓடுகளைத் தேடி அமரும். அதற்கு முன்கூட்டியே ஓடுகளைப் பழைய தொட்டியில் மாதக்கணக்கில் போட்டு, பாசி ஏற வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான அக்ரோபோரா முட்டைகளில் ஜூசாந்தெல்லா இருக்காது, குட்டி அதைச் சுற்றியுள்ள நீரில் இருந்துதான் பெற வேண்டும். அதனால் தாய்ப் பவளத் துண்டு ஒன்றை அருகிலேயே வைப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் குட்டியைப் பாசிக்கொடி மூடிவிடாமல் காப்பது அதற்குப் பிறகான போராட்டம்.

இதையெல்லாம் செய்தால் கிடைப்பது நகல் இல்லை, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு புதுப் பவளம். அதற்காகவே ஒரு தனித் தொட்டியை ஒதுக்குபவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதிர்பாராமல் தொட்டியில் முட்டையோ விந்தோ விட்டால் என்ன செய்வது?

தண்ணீர் திடீரென்று பால்போல் கலங்கும், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) பொங்கி வழியும். ஆக்சிஜன் குறைவதுதான் ஆபத்து. காற்றுக்கல் போடுங்கள், கரித்தூள் வடிகட்டி வையுங்கள், தயாராக உள்ள உப்புநீரால் கால்பங்கு மாற்றுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள், அடுத்த ஆண்டு பயன்படும்.

துண்டுகளை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம்?

வெவ்வேறு இனங்கள் என்றால் இடைவெளி வேண்டும். யூஃபிலியா வகைகள் இரவில் நீண்ட கொட்டும் கொம்புகளை வீசும், 15 சென்டிமீட்டராவது விடுங்கள். கேலக்சியா என்னும் பவளத்தின் கொம்புகள் இன்னும் தூரம் எட்டும், அதைத் தனியாகவே வையுங்கள். ஒரே தாயின் துண்டுகள் தொட்டுக்கொண்டாலும் பிரச்சினை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்டிப் போக உரிய அனுமதிச் சீட்டு வேண்டும், தொட்டியில் வளர்த்த துண்டாக இருந்தாலும் சரி. சில நாடுகளில் கடலில் இருந்து எடுப்பது மட்டுமில்லை, வைத்திருப்பதே குற்றம். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் முதல் துண்டைக்கூட வாங்காதீர்கள். அனுமதி இருக்கும் இடத்திலும், கடலில் இருந்து பெயர்த்த பவளத்தைத் தவிர்த்து, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த துண்டை மட்டும் வாங்குங்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்தது தொட்டித் தண்ணீருக்குப் பழகியிருக்கும், பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல்.

நிறைய பெருகிவிட்டது. கடலில் விட்டால் பவளத்திட்டுக்கு உதவியாக இருக்குமே?

தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் தொட்டியில் பல கடல்களில் இருந்து வந்த உயிர்கள் ஒன்றாக வாழ்கின்றன. அவற்றோடு வந்த நுண்ணுயிர்கள், பூச்சிமுட்டைகள், பாசித் துணுக்குகள் எல்லாம் துண்டோடு சேர்ந்து கடலுக்குப் போகும். அந்தக் கடலுக்கே உரிய இனமா என்பதும் பெரும்பாலும் உறுதியாகத் தெரியாது. பவளத்திட்டுகளை மீட்கும் ஆய்வுக்குழுக்கள் அந்தந்த இடத்துத் தாய்ப் பவளத்தை மட்டும் எடுத்து, நோய்ப் பரிசோதனை செய்து, அதே இடத்தில் நடுகிறார்கள்.

மிகுந்தவற்றைச் சட்டம் அனுமதித்தால் மற்ற வளர்ப்பாளர்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தாய்ப் பவளத்திலும் ஒரு துண்டாவது வேறொருவர் தொட்டியில் இருக்கட்டும். ஒருநாள் இரவு மின்சாரம் போய், உங்கள் தொட்டி மொத்தமாகப் போனால், அந்தத் துண்டின் ஒரு கிளையை அவர் வெட்டித் திருப்பித் தருவார்.